மேல்மாடி ஏறாத செய்தி

மேம்பாலமோ பாதாளச் சாக்கடையோ கூட்டுக் குடிநீர்த் திட்டமோ நடக்கும் ஊரில் இருப்பவர்களுக்கு ‘90 சதவீதப் பணிகள் நிறைவு’ என்ற வரி மனப்பாடம். ஆறு மாதம் கழித்து நாளிதழில் வரும் செய்தியிலும் அதே 90 சதவீதம்தான் இருக்கும். பொய் சொல்ல வேண்டும் என்று திட்டமிட்டு யாரும் அதை எழுதுவதில்லை. மீதிப் பத்து சதவீதத்துக்குள்தான் இன்னும் கைக்கு வராத இரண்டு வீடுகளும், இடம் மாற்றப்படாத உயரழுத்த மின்கோபுரமும், மண் பரிசோதனையில் தட்டுப்படாத பாறையும் இருக்கின்றன என்பது சைட்டில் நிற்கும் உதவிப் பொறியாளருக்கு நன்றாகத் தெரியும். அவர் அதை உதவிச் செயற்பொறியாளரிடம் சொல்கிறார். ‘சில சிக்கல்கள்’ என்ற பெயரில் அது செயற்பொறியாளரிடம் போகிறது. கண்காணிப்புப் பொறியாளரின் அறிக்கையில் ‘சிறு தடைகள் சரிசெய்யப்பட்டு வருகின்றன’ என்றாகிறது. தலைமைப் பொறியாளரைக் கடந்து துறைச் செயலரின் மேசைக்கு வரும்போது ‘பணிகள் துரிதமாக நடைபெற்று வருகின்றன’ என்ற ஒற்றை வரிதான் மிஞ்சுகிறது. பாறை அதே இடத்தில் இருக்கிறது. அதைப் பற்றிய செய்தி மட்டும் படிக்குப் படி தேய்ந்து, முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள அறைக்குள் நுழையாமலே நின்றுவிடுகிறது.

ஒரு திட்டத்தை முடித்துக் காட்டும் தலைமை எப்படி இருக்கும் என்று கேட்டால் தொலைநோக்கு, பேச்சாற்றல், ஓய்வறியா உழைப்பு, அதட்டி வேலை வாங்கும் சாமர்த்தியம் என்று பதில்கள் வரிசையாக வரும். இவை வேண்டாதவை அல்ல. ஆனால் முடிந்த திட்டங்களையும் முடங்கிய திட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டையும் பிரிப்பது வேறொரு குணம் என்றே எனக்குத் தோன்றுகிறது. கெட்ட செய்தி தன்னிடம் சீக்கிரம் வந்து சேர வழிசெய்து வைப்பதும், வந்த கையோடு அதற்கான முடிவைத் தன் பெயரில் எடுப்பதும்தான் அந்தக் குணம். இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாதவரிடம் அடுத்த முறை யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். கேட்காமலே முடிவெடுப்பவரின் வேகம் தவறான இடத்தில் போய் விழும்.

இந்தக் குணம் எவ்வளவு அரிது என்பதை எண்களே சொல்கின்றன. டென்மார்க்கைச் சேர்ந்த ஆய்வாளர் பெந்த் ஃப்ளூபியர் 136 நாடுகளில் நடந்த 16,000-க்கும் மேற்பட்ட திட்டங்களின் விவரங்களைத் திரட்டியவர். சொன்ன செலவிலும் சொன்ன காலத்திலும் முடிந்தவை அவற்றில் 8.5 சதவீதம் மட்டுமே. செலவு, காலம், சொன்ன பயன் மூன்றையும் எட்டியவை வெறும் 0.5 சதவீதம். அணை, ரயில் பாதை, கணினி மென்பொருள், ஒலிம்பிக் போட்டி என்று எல்லா வகையும் அந்தக் கணக்கில் உண்டு. நம் நாட்டில் 150 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மத்திய அரசுத் திட்டங்களைப் புள்ளியியல் அமைச்சகம் கண்காணித்து அறிக்கை வெளியிட்டு வந்திருக்கிறது. 2023-ஆம் ஆண்டு இறுதியில் அந்தப் பட்டியலில் இருந்த ஏறத்தாழ 1,800 திட்டங்களில் 400-க்கும் மேற்பட்டவை மதிப்பீட்டைத் தாண்டியிருந்தன. 800-க்கும் மேற்பட்டவை காலம் கடந்திருந்தன. நிலம் கையகப்படுத்துவதில் தாமதம், வன அனுமதி கிடைக்கவில்லை, வேலையின் அளவு மாறியது என்று காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. இவற்றில் ஒன்றுகூட ஓரிரவில் முளைப்பதில்லை. ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்கு மாதக்கணக்கில், சிலவேளை ஆண்டுக்கணக்கில் முன்பே தெரிந்திருந்தவை.

தெரிந்தவரிடமிருந்து செய்தியை வாங்கிக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு ராமேஸ்வரம் தீவின் வாசலிலேயே சான்று இருக்கிறது. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயல், ரயிலொன்றை நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களோடு கடலுக்குள் இழுத்துக்கொண்டது. 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலத்தின் 126 கர்டர்கள் அடித்துச் செல்லப்பட்டன. நடுவில் கப்பலுக்கு வழிவிடும் தூக்குப் பகுதி தப்பி நின்றது. சீரமைக்க ஆறு மாதம் என்று ரயில்வே வாரியம் கெடு வைத்தது. அதை மூன்று மாதமாகக் குறைத்தார் தென்னக ரயில்வேயின் பொது மேலாளர். பொறுப்பு 32 வயதுப் பொறியாளர் இ. ஸ்ரீதரனிடம் வந்தது. நாட்டின் வேறு மூலைகளிலிருந்து கர்டர்களைக் கொண்டுவந்து இறக்க வேண்டும் என்பதுதான் எல்லோரும் போட்டிருந்த கணக்கு. அதற்கிடையில், அடித்துப்போன கர்டர்கள் வெகுதூரம் போய்விடவில்லை, கடலடியில்தான் கிடக்கின்றன என்ற தகவல் மீனவர் ஒருவர் வழியாக வந்தது. அவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கித் தூண்கள் மேல் மீண்டும் வைக்க முடிவெடுத்தார் ஸ்ரீதரன். 46 நாளில் பாலத்தில் ரயில் ஓடியது.

இந்தக் கதையை நாம் வேகத்தின் கதையாகவே சொல்லி வந்திருக்கிறோம். எனக்கு அதில் வேறொன்றுதான் பெரிதாகத் தெரிகிறது. ரயில்வேயின் பதவி அடுக்கில் எந்தப் படியிலும் இல்லாத ஒரு மனிதரின் சொல், திட்டத்தின் பொறுப்பாளர் காதுக்கு நேராகப் போயிருக்கிறது. அது அரசு ஆவணமாக வரவில்லை. வரைபடத்தோடும் வரவில்லை. ‘எழுதிக் கொடுங்கள், மேலிடத்துக்கு அனுப்புகிறோம்’ என்று சொல்லியிருந்தால் அந்தத் தகவல் அங்கேயே முடிந்திருக்கும். போட்டு வைத்திருந்த கணக்கைக் கலைக்கும் தகவல் அது. கர்டர் எங்கிருந்து வரும், எந்த வழியாக வரும் என்று திட்டம் பேசியாகிவிட்ட பிறகு, அதை மாற்றச் சொல்லும் ஒரு சொல்லுக்கு இடம் கொடுப்பது எளிதல்ல. தூக்கிப் பார்த்து உடைந்து போயிருந்தால் பழி அந்த இளம் பொறியாளர் மேல்தான் விழுந்திருக்கும். கெடுவைக் குறைத்த பொது மேலாளரால் 46 நாள் கிடைத்துவிடவில்லை. கெடு எல்லாத் திட்டத்துக்கும்தான் வைக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறானதும் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. 1986 ஜனவரி 27 மாலை. மறுநாள் காலை அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் சேலஞ்சர் விண்ணோடம் ஏவப்பட இருந்தது. இரவில் கடுங்குளிர் வரும் என்றது வானிலை அறிக்கை. உந்துகலன்களைத் தயாரித்த மார்ட்டன் தையக்கால் நிறுவனத்தின் பொறியாளர்கள், குளிரில் ரப்பர் வளையங்கள் விறைத்து இணைப்பில் சூடான வாயு கசியக்கூடும், 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று தொலைபேசிக் கூட்டத்தில் வாதாடினார்கள். மறுமுனையில் இருந்த நாசா மேலாளர்களுக்கு அது எரிச்சலாக இருந்தது. நிறுவனத்தார் இணைப்பைச் சற்று நிறுத்திவிட்டுத் தங்களுக்குள் பேசினார்கள். பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியை மாட்டிக்கொள் என்ற பொருளில், பொறியியல் பிரிவின் தலைவரிடம் அங்கிருந்த மூத்த நிர்வாகி சொன்னார். இணைப்பு மீண்டும் வந்தபோது ‘ஏவலாம்’ என்பது நிறுவனத்தின் கருத்தாகியிருந்தது. மறுநாள் கிளம்பிய 73-ஆவது நொடியில் விண்ணோடம் சிதறி ஏழு பேரும் மாண்டார்கள். இதை விசாரித்த ராஜர்ஸ் ஆணையம் கண்டறிந்தவற்றில் மனத்தை அதிகம் உலுக்குவது, ஏவுதலுக்கு இறுதி ஒப்புதல் தரவேண்டிய உயரதிகாரிகளுக்கு அந்த இரவு வாக்குவாதம் நடந்ததே தெரியாது என்பதுதான். உலகின் தலைசிறந்த அறிவியல் அமைப்பு ஒன்றில், உயிர்களைக் காத்திருக்கக்கூடிய செய்தி இரண்டு படிக்கு மேல் ஏறவில்லை. அங்கே அறிவுக்குப் பஞ்சமில்லை, உழைப்புக்கும் பஞ்சமில்லை.

சொன்னவர்கள் சொன்னார்கள், கேட்டவர்கள் கேட்கவில்லை, இதில் தலைமையின் நடத்தைக்கு என்ன பங்கு என்று ஒருவர் கேட்கலாம். பங்கு எவ்வளவு என்பதை ஹார்வர்டு பேராசிரியை எமி எட்மண்ட்ஸனின் ஆய்வு எடுத்துக் காட்டியது. 1990-களில் மருத்துவமனைகளின் செவிலியர் குழுக்களை ஆராய்ந்தபோது, நல்ல தலைமையும் நல்ல ஒற்றுமையும் உள்ள குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று அவர் எதிர்பார்த்தார். எண்கள் தலைகீழாக வந்தன. நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. துருவிப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. அந்தக் குழுக்கள் அதிகம் தவறு செய்யவில்லை, செய்த தவறைத் தயங்காமல் வெளியே சொல்லின. மற்றக் குழுக்களில் தவறு பதிவேட்டுக்கே வராமல் மறைந்துபோனது. தவறே பதிவாகாத பிரிவைப் பாராட்டி, தவறைச் சொன்ன பிரிவுக்கு விளக்கக் கடிதம் அனுப்பும் நிர்வாகம், தன் கண்ணைத் தானே கட்டிக்கொள்கிறது.

இதையே ஒரு தொழில் நிறுவனத்தின் கூட்ட அறைக்குள் பார்க்கலாம். 2006-இல் ஆலன் முலாலி ஃபோர்டு கார் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்தபோது, அந்த ஆண்டு நிறுவனம் 1,270 கோடி டாலர் நட்டத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. வாரந்தோறும் நடந்த ஆய்வுக் கூட்டத்தில் துறைத் தலைவர்கள் தங்கள் வேலைகளைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறமிட்டுக் காட்ட வேண்டும். எல்லாரும் பச்சையே காட்டினார்கள். இத்தனை கோடி நட்டத்தில் இருக்கிறோம், எங்குமே சிக்கல் இல்லையா என்று முலாலி கேட்டார். பிறகொரு வாரம், அமெரிக்கப் பிரிவின் தலைவர் மார்க் ஃபீல்ட்ஸ் ஒரு புதிய காரின் பின்கதவில் கோளாறு என்று சிவப்பு நிறம் போட்டுக் காட்டினார். அறை உறைந்துபோனது. அவர் வேலை போகப்போகிறது என்றே மற்றவர்கள் நினைத்தார்கள். முலாலி கைதட்டினார். இதற்கு யாரால் உதவ முடியும் என்று மற்றவர்களைக் கேட்டார். உதவிக்கு ஆட்கள் கிடைத்தார்கள். அடுத்தடுத்த வாரங்களில் மற்றவர்களின் தாள்களிலும் மஞ்சளும் சிவப்பும் வரத் தொடங்கின. ஒரு தலைவர் கெட்ட செய்தி கேட்ட கணத்தில் அவர் முகம் எப்படி மாறுகிறது என்பதை மேசையைச் சுற்றி இருப்பவர்கள் ஒருமுறை பார்த்தால் போதும். அடுத்த ஐந்தாண்டுக்கு அவரிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று முடிவு செய்துகொள்வார்கள்.

இந்த இடத்தில் நம் ஊரில் உடனே எழும் மறுப்பு, இதெல்லாம் இங்கே எடுபடாது, இங்கே பயம் இருந்தால்தான் வேலை நடக்கும் என்பது. அதில் பாதி உண்மை உண்டு. என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்த வேலையில், செய்யாமல் இழுத்தடிப்பவரைக் கண்டிப்பு அசைக்கும். தினமும் இத்தனை கன மீட்டர் கான்கிரீட் போட வேண்டும் என்றால் போட வைக்கலாம். ஸ்ரீதரனும் கண்டிப்புக்குப் பெயர்போனவர்தான். ஆனால் சோம்பலைக் கண்டிப்பதும் செய்தியைத் தண்டிப்பதும் ஒன்றல்ல. ஆய்வுக் கூட்டத்தில் அமைச்சரோ ஆட்சியரோ ஒரு பொறியாளரைப் பலர் முன்னிலையில் நிற்கவைத்து வறுத்தெடுக்கும் காட்சி நமக்குப் பழக்கமானது. அதைக் கண்டு கைதட்டவும் செய்கிறோம். அங்கே நிற்பவர் பெரும்பாலும் சோம்பேறி அல்ல, தாமதத்தை ஒப்புக்கொண்டவர். மறைத்தவர் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறார். பின்வரிசையில் இருப்பவர்கள் இதிலிருந்து கற்றுக்கொள்வது, வேகமாக வேலை செய்ய வேண்டும் என்பதை அல்ல, 90 சதவீதம் என்று எழுத வேண்டும் என்பதைத்தான்.

அடுத்த மறுப்பு கனமானது. தனிமனிதக் குணத்தைப் பெரிதுபடுத்துகிறீர்கள், எல்லாமே அதிகாரத்தையும் பணத்தையும் பொறுத்தது என்பார்கள். டெல்லி மெட்ரோவை எடுத்துக்கொண்டால் அதில் நியாயம் இருக்கிறது. 1995-இல் மத்திய அரசும் டெல்லி அரசும் சரிபாதிப் பங்கில் தொடங்கிய அந்த நிறுவனத்துக்கு ஜப்பான் கடன் கைகொடுத்தது. அரசியல் ஆதரவு தொடர்ந்து இருந்தது. துறைகளிடம் இல்லாத முடிவெடுக்கும் உரிமை அதன் நிர்வாக இயக்குநரான ஸ்ரீதரனுக்கு இருந்தது. அதனால்தான் 1998 அக்டோபரில் தொடங்கிய வேலையில் முதல் தடம் 2002 டிசம்பரில் திறக்கப்பட்டது, 10 ஆண்டு என்று போட்ட முதல் கட்டம் ஏழாண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்திலேயே முடிந்தது. அதே ஸ்ரீதரன் தலைமையில் நடந்த கொங்கண் ரயில் பாதை குறித்த காலத்தில் முடியவில்லை. கோவாவில் பெர்ணம் பகுதியில் ஈரமண் சுரங்கம் திரும்பத் திரும்பச் சரிந்து, 1998 ஜனவரியில்தான் முழுப் பாதையும் திறந்தது. ஆள் ஒருவரே என்றாலும் மண்ணும் அனுமதியும் பணமும் வேறானால் விளைவும் மாறும். இதை மறுக்க முடியாது. ஆனால் அதிகாரம் கொடுக்கப்பட்ட எல்லா வாரியங்களும் கழகங்களும் டெல்லி மெட்ரோ ஆகிவிடவில்லையே. அதிகாரத்தை ஒருவர் எதற்குப் பயன்படுத்துகிறார் என்பதில்தான் வேறுபாடு. கையெழுத்துப் போட உரிமை இருந்தும் ‘கருத்துருவை ஆய்ந்து அனுப்புக’ என்று ஃபைலைக் கீழே திருப்பி அனுப்புபவர்கள் எத்தனையோ பேர். கையில் இருக்கும் அதிகாரத்தைச் சிக்கல் உள்ள இடத்துக்கு எடுத்துச் செல்வதற்கு, சிக்கல் எங்கே என்று முதலில் தெரிந்தாக வேண்டும்.

டெல்லியிலும் எல்லாம் சரியாக நடந்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். திறப்புக்கு இன்னும் எத்தனை நாள் என்று காட்டும் பின்னோக்கு எண் பலகைகளைக் கட்டுமான இடங்களில் மாட்டி வைத்திருந்தார்கள். 2009 ஜூலை 12 அன்று தெற்கு டெல்லியின் ஜம்ருத்பூரில் கட்டுமானத்தில் இருந்த பாலப் பகுதி சரிந்து விழுந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். விபத்துக்கு முன்பே அந்தத் தூணில் விரிசல் கண்டறியப்பட்டிருந்தது. வடிவமைப்பில் குறை இருந்ததாகப் பின்னர் விசாரணை சொன்னது. கெட்ட செய்தி வந்தும் அதன் முழுக் கனத்தோடு எடுத்துக்கொள்ளப்படவில்லை என்பதே இதன் பொருள். நாள் எண்ணும் பலகை தலைக்கு மேல் எரிந்துகொண்டிருக்கும் இடத்தில், வேலையை நிறுத்துங்கள் என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பதை அதைப் புகழ்பவர்கள் யோசிக்க வேண்டும். நிறுத்தச் சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதும் அதே அளவு பெரிய எழுத்தில் அங்கே எழுதப்பட்டிருக்க வேண்டும். அன்றே ஸ்ரீதரன் தார்மிகப் பொறுப்பேற்று ராஜினாமா கடிதம் கொடுத்தார். முதல்வர் ஷீலா தீட்சித் அதை ஏற்கவில்லை. மாண்டவர்களுக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் ஒரு ஜூனியர் இன்ஜினீயரைச் சஸ்பெண்ட் செய்துவிட்டு நகர்ந்துவிடும் வழக்கத்துக்கு நடுவே, பழி மேலிருந்து தொடங்கியதைக் கீழே இருந்தவர்கள் பார்த்தார்கள். மேலே இருப்பவர் பழியை ஏற்பார் என்று தெரிந்த இடத்தில்தான் கீழே இருப்பவர் விரிசலைப் பற்றி வாய் திறப்பார்.

அப்படித் தன் பெயரில் முடிவெடுக்கும் அதிகாரிக்கு நாளை என்ன ஆகும் என்பது மூன்றாவது கேள்வி. நேர்மையான அதிகாரிகளின் உண்மையான அச்சம் இது, இதை யாரும் இளக்காரமாகப் பார்க்கக்கூடாது. 1988-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தின் ஒரு பிரிவு, பொதுநலன் இல்லாமல் மற்றொருவருக்குப் பண ஆதாயம் கிடைக்கச் செய்ததாகக் காட்டினாலே அதிகாரியைக் குற்றவாளியாக்க இடம் கொடுத்தது. அவர் தன் பைக்கு எதையும் எடுத்தாரா என்பது அதில் கேள்வியே இல்லை. வெள்ளத்தில் அவசரமாக ஒரு ஒப்பந்ததாரரை அழைத்துக் கரை கட்டச் சொன்னவர், பத்தாண்டு கழித்து ஓய்வூதியக் காலத்தில் விசாரணைக்கு அலைய நேரலாம். 2018-இல் வந்த திருத்தம் அந்தப் பிரிவை நீக்கியது, முடிவெடுத்ததற்காக விசாரிக்க முன் அனுமதி வேண்டும் என்றும் ஆக்கியது. சட்டம் மாறினாலும் பழக்கம் மாறவில்லை. முடிவெடுக்காமல் இருந்ததற்காகத் தணிக்கையாளர் யாரையும் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. பாலம் மூன்றாண்டு தாமதமானால் அந்தச் செலவு எந்த ஒரு கையெழுத்தின் கீழும் வருவதில்லை. எடுத்த முடிவுக்கு மட்டும் ஆள் உண்டு, எடுக்காத முடிவுக்கு ஆளே இல்லை. ஃபைல் நகராததற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

ஆகவே குணத்தை மட்டும் எதிர்பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது. குணம் உள்ளவருக்குத் துணையாகவும், இல்லாதவருக்குக் கட்டாயமாகவும் சில நடைமுறைகள் வேண்டும். மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தின் அறிக்கையில் ‘முன்னேற்றம்’ என்ற பத்திக்கு முன்னால் ‘தடை’ என்ற பத்தி வரட்டும். அதைச் சைட்டில் இருக்கும் உதவிப் பொறியாளர் தன் சொற்களில் எழுதட்டும், நடுவில் உள்ள நான்கு அதிகாரிகளும் பக்கத்தில் தங்கள் குறிப்பைச் சேர்க்கலாமே தவிர அவர் எழுதியதை மாற்றக்கூடாது. அதற்கு நேர் எதிரே இரண்டு கட்டங்கள். யார் முடிவெடுக்க வேண்டும், எந்தத் தேதிக்குள் எடுக்க வேண்டும். தேதி கடந்தால் அந்தப் பெயரும் சேர்ந்து மேலே போகட்டும். விரிசலையோ பாறையையோ முதலில் சொன்னவரின் ஆண்டு மதிப்பீட்டில் அது நற்குறிப்பாக ஏறட்டும். கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவர், முதல் வரிசையில் இருப்பவர்கள் பேசத் தொடங்கும் முன்னால், கடைசி வரிசையில் இருக்கும் உதவிப் பொறியாளரை எழுப்பி, அந்தப் பத்து சதவீதத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கட்டும்.